அமாவாசைக்கு மலையில் தலைக்குக் குளிப்பது எப்படி?

என் வீட்டுக்காரருக்கு நட்சத்திரம் பார்க்கும் பைத்தியம். நிலா இல்லாத ராத்திரிதான் அதற்குத் தோது. நிலா இல்லாத ராத்திரி என்றால் அமாவாசை. அமாவாசை என்றால் என் மாமியாருக்குத் தலைக்குக் குளிக்காமல் ஒரு வாய் காபி இறங்காது, எங்களுக்கும் இறங்க விடமாட்டார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

நாங்கள் வேலூர். போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், ஜமுனாமரத்தூர் பக்கத்தில் வீட்டுக்காரரின் நண்பருக்கு ஒரு சாமைக் கொல்லை இருக்கிறது. தை மாதம் அறுவடை முடிந்து கொல்லை வெறுமையாகக் கிடக்கும். அங்கேதான் கூடாரம் அடிப்போம். இதே மலையில் காவலூரில் வானாய்வுக்கூடம் இருப்பதால் இந்த வானம் தப்பாது என்பது அவருடைய கணக்கு. வானம் சரி, தண்ணீர்? கிணறு இருக்கிறது. குளியலறை இல்லை. விறகு மூட்டலாம் என்றால், காய்ந்த தாளும் சருகுமாக இருக்கிற நேரத்தில் கொல்லையில் நெருப்பே கூடாது என்று நண்பர் முதல் நாளே சொல்லிவிட்டார். நியாயம்தான். சின்ன கேஸ் அடுப்பில் ஐந்து பேருக்குத் தண்ணீர் காய்ச்ச உட்கார்ந்தால் சிலிண்டர் அங்கேயே தீர்ந்துபோகும்.

அப்படித்தான் இந்த வெயில் ஷவர் பை வீட்டுக்குள் வந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் பை, மேலே வாய், கீழே ஒன்றரை அடிக் குழாய், அதன் நுனியில் பூவாளி மாதிரி ஒரு சின்னத் தலை, திறந்து மூட ஒரு திருகு. தண்ணீர் நிரப்பி வெயிலில் போட்டால் சுடும், தூக்கிக் கட்டினால் கொட்டும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். என் மாமியார் பார்த்துவிட்டு, "இதுக்கா காசு கொடுத்த? முற்றத்துல அண்டாவ வெச்சு, வெயில்ல காஞ்ச தண்ணியிலதானே உங்க வீட்டுக்காரனையே குளிப்பாட்டினேன்" என்றார். உண்மைதான். ஆனால் அண்டாவை மடித்துப் பைக்குள் வைக்க முடியாது.

வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். நான் தையல் கடை வைத்திருப்பவள், என் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும். இந்தப் பைகளில் ஓரம் தைப்பதில்லை, சூட்டில் அழுத்தி ஒட்டுகிறார்கள். ஒட்டிய பட்டை சுண்டுவிரல் அகலமாவது இருக்க வேண்டும். பையைத் தூக்கிக் கட்டும் கைப்பிடி அந்தப் பட்டையிலிருந்து எப்படிக் கிளம்புகிறது என்று பாருங்கள். வெறும் ஓட்டை போட்டு வளையம் அடித்திருந்தால் வேண்டாம்.

நான் அப்படிப் பார்க்காமல்தான் முதல் பையை வாங்கினேன். 20 லிட்டர் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. 20 லிட்டரும் ஊற்றினேன். மூன்றரை மணி நேரம் காயவைத்து, புளியமரக் கிளையில் கயிறு போட்டு இரண்டு பேர் இழுத்துக் கட்டினோம். நான் சீயக்காயைக் கரைத்துக்கொண்டு திரும்புவதற்குள் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். பழைய ஜாக்கெட் கிழியும்போது வரும் அதே சத்தம். கைப்பிடி மட்டும் கிளையில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றரை மணி நேர வெயில் மொத்தமும் மண்ணுக்குள் போய்விட்டது. விற்றவர்களிடம் கேட்டதற்கு, "நீங்கள் முழுசாக நிரப்பியிருக்கிறீர்கள்" என்றார்கள். என்ன சொல்ல?

அதனால் 20 லிட்டர்ப் பையில் 15 லிட்டர்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 15 கிலோவே அரிசிச் சிப்பம் மாதிரி கனக்கும். அதோடு பையின் கைப்பிடியை நம்பாமல், நானே ஒரு உறி தைத்துக்கொண்டேன். கையில் தையல் மெஷின் இருந்தால் ஒரு மணி நேர வேலை. பள்ளிக்கூடப் பைக்குத் தோள்வாராகப் போடும் நைலான் நாடா, ஒன்றேகால் அங்குல அகலம், நாலு மீட்டர் வாங்குங்கள். இரண்டு துண்டை 'ப' எழுத்து மாதிரி பையின் அடிவழியாக விட்டு, முன்னும் பின்னும் மேலே கொண்டுவர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டால் குழாய் அதன் வழியே தொங்கும். பையின் இடுப்பு உயரத்தில் ஒரு நாடா குறுக்கே சுற்றிவர வேண்டும், இல்லாவிட்டால் பை பக்கவாட்டில் நழுவும். நாடா நாடாவைத் தொடும் இடத்திலெல்லாம் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். வெறும் ஒற்றைத் தையல் தாங்காது. மேல்நுனி நாலையும் ஒரு இரும்பு வளையத்தில் மடக்கித் தைத்தால் உறி தயார். பையில் மட்டும் ஊசி பட்டுவிடக் கூடாது. ஒரு பொத்தல் போதும், ராத்திரி முழுக்கச் சொட்டும்.

புதுப் பையில் தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் நாற்றம் வரும். இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, இரண்டு மூன்று முறை அலசினால் முக்கால்வாசி போய்விடும். மிச்சம் நாலு குளியலில் போகும். எப்படியும் இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ வாய் கொப்பளிக்கவோ கூடாது. பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

இனி காயவைக்கும் கதை. எங்கள் வீட்டில் தண்ணீர் சுடாமல் போன நாள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: நிழல். பத்து மணிக்கு நல்ல வெயிலில் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போவோம். பன்னிரண்டு மணிக்குப் புளியமர நிழல் நகர்ந்து வந்து பை மேல் படுத்திருக்கும். பையை வைக்கும் முன் தெற்கேயும் மேற்கேயும் நிமிர்ந்து பாருங்கள். தை மாதத்தில் உச்சி வெயில்கூட நம் தலைக்கு நேராக இருக்காது, தெற்கே முப்பது டிகிரி சாய்ந்துதான் இருக்கும். அதனால் வடக்கே இருக்கிற மரம் ஒன்றும் செய்யாது, தெற்கே இருக்கிற மரம்தான் எதிரி. பையையும் தெற்கு பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் நல்லது. நாங்கள் ஒரு சாய்ந்த பாறையைப் பிடித்துவைத்திருக்கிறோம். சித்திரையில் போனால் இந்தக் கவலையே இல்லை, நம் ஊரில் அப்போது சூரியன் நேராக உச்சந்தலைக்கு வந்துவிடும். பையைத் தரையில் மல்லாத்திப் போட்டால் போதும்.

சில பைகளில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு, இன்னொரு பக்கம் கண்ணாடி மாதிரித் தெரியும். தெரிகிற பக்கம் மேலே. வெயில் அதன் வழியே உள்ளே போய்க் கறுப்பில் பட்டு அங்கேயே சூடாகும். மூடியைத் திருகும் முன் பையை அமுக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடுங்கள். காற்றுக் குமிழி இருக்கிற இடத்தில் பிளாஸ்டிக் சுடுமே தவிர, சூடு தண்ணீருக்கு இறங்காது.

நிழலுக்கு அடுத்த திருடன் காற்று. மலையில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே காற்றும் வீசும். வெயில் கொடுத்ததை அது எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் பைக்கு அடியில் ஒரு மடித்த சாக்கு, மேலே காற்று புகாமல் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் தாள், ஓரத்தில் நாலு கல். கடையில் துணி மூடி வருகிற தாளையே நான் எடுத்துப் போகிறேன். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1891இல் அமெரிக்காவில் பால்டிமோர் ஊரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் வெயிலில் வெந்நீர் போடும் சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கறுப்புத் தொட்டியைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்தார். அதே வேலையைத்தான் சாக்கும் தாளும் செய்கின்றன.

எவ்வளவு நேரம் ஆகும்? மீன் தொட்டியில் ஒட்டவைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று மகனிடம் இருந்தது. அதை வைத்துப் பார்த்தேன். காலை பத்து மணிக்குக் கிணற்றுத் தண்ணீர் 23 டிகிரி. பன்னிரண்டரைக்கு 36. இரண்டரைக்கு 44. மூன்றரைக்கும் 44தான். அதற்கு மேல் வைத்தால் இறங்கத்தான் செய்யும். குளிக்கச் சுகமான சூடு 38லிருந்து 40. ஆக, பத்து மணிக்கு வைத்து மூன்று மணிக்குக் குளிப்பதுதான் இந்தப் பையின் இயல்பு. காலையில் எழுந்ததும் வெந்நீர் வேண்டும் என்று இதை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். ஓடைத் தண்ணீரைவிடக் கிணற்றுத் தண்ணீரை நிரப்புங்கள். குளிர்காலக் காலையில் ஓடை சில்லிட்டிருக்கும், கிணறு கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். நாலைந்து டிகிரி அங்கேயே மிச்சம்.

கோடையில் இதற்கு நேர்மாறு. சித்திரை வெயிலில் தண்ணீர் 50 டிகிரியையும் தாண்டும். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். குழாயிலும் பையின் மேல்மட்டத்திலும் சூடு வேறு வேறாக இருக்கும் என்பதால், பையை ஒரு முறை குலுக்கி, முழங்கையில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை நிறுத்த வேண்டும்.

சரி, மாமியாருக்கு அமாவாசை விடியற்காலை ஐந்து மணிக்கு என்ன பதில்? தெர்மாகோல் பெட்டி. முந்தின நாள் மூன்றரை மணிக்குப் பையை வெயிலிலிருந்து எடுத்து, பழைய போர்வையில் சுற்றி, ஒன்றரை அங்குலக் கனமுள்ள பெட்டியில் வைத்து மூடி, அதை வேனுக்குள் வைத்துவிடுவேன். முதலில் மீன் மார்க்கெட்டிலிருந்து பெட்டி வாங்கிவந்தேன். எத்தனை முறை கழுவியும், "அமாவாசைத் தண்ணிய மீன் பொட்டியிலயா வெப்ப?" என்று அத்தை அதைத் தொடவே இல்லை. மொத்த மருந்துக் கடையில் ஊசி மருந்து வருகிற பெட்டி அதைவிடச் சுத்தம், கேட்டால் சும்மாவே கொடுக்கிறார்கள். சாயங்காலம் 44ஆக இருந்தது விடிகாலையில் 34 இருக்கும். வெளியே பல் கிட்டுகிற குளிர் என்பதால் 34 போதாது. அப்போது கேஸ் அடுப்பில் ஒன்றரை லிட்டர் மட்டும் கொதிக்கவைப்பேன். பையிலிருந்து நாலு லிட்டரை வாளியில் பிடித்து, அதில் கொதிநீரைக் கலந்து, பிறகு பைக்குள் ஊற்ற வேண்டும். கொதிநீரை நேராகப் பையில் ஊற்றினால் பிளாஸ்டிக் இளகிவிடும். 15 லிட்டரும் 40 டிகிரிக்கு வந்துவிடும். காபிக்கு வைக்கிற பாத்திரத்தில் ஒரு குளியலே முடிந்துவிடுகிறது.

மேகம் மூடி வெயிலே வராத நாளுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: மூன்றுக்குப் பன்னிரண்டு. மூன்று லிட்டர் கொதிநீர், பன்னிரண்டு லிட்டர் கிணற்றுத் தண்ணீர், வாளியில் கலந்தால் 38 டிகிரி.

அப்புறம், எங்கே தொங்கவிடுவது? நின்று குளிக்க வேண்டுமானால் பையின் அடிப்பாகம் ஏழரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். 15 கிலோவை அந்த உயரத்துக்கு ஏற்ற, முழங்கைக் கனமுள்ள கிளையும், இழுக்க ஒருவரும், கட்ட ஒருவரும் வேண்டும். அத்தை இதையெல்லாம் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, ஒரு மணையை எடுத்துவந்து போட்டு உட்கார்ந்தார். "நான் எதுக்கு நிக்கணும்?" உட்கார்ந்து குளித்தால் ஐந்தடி உயரமே போதும். வேனின் கூரை மேல் பையை வைத்து, குழாயை ஓரத்தில் தொங்கவிட்டு, உறியைக் கூரைக் கம்பியில் கட்டினால் தூக்கும் வேலையே இல்லை. பகலில் அதே கூரையில்தான் பை காய்ந்துகொண்டும் இருக்கும். ஓடுகிற வண்டியின் கூரையில் மட்டும் காயவைக்காதீர்கள். வேலூரிலிருந்து அப்படிக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், காற்றில் ஒன்றும் சுடவில்லை.

தண்ணீர் சீறிக்கொண்டு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீட்டு மொட்டைமாடித் தொட்டி பதினைந்து இருபது அடி உயரத்தில் இருக்கிறது, இது தலைக்கு மேல் ஒரு முழம். பூவாளி வேகம்தான். முழுக்கத் திறந்துவிட்டால் ஏழெட்டு நிமிடத்தில் பை காலி. நனைந்ததும் திருகை மூடுங்கள், தேய்த்துக்கொள்ளுங்கள், மறுபடி திறந்து அலசுங்கள். இப்படிக் குளித்தால் என் மகனுக்கு மூன்று லிட்டர், வீட்டுக்காரருக்கு நாலு, இடுப்புக்குக் கீழ் முடி வைத்திருக்கிற எனக்கும் மகளுக்கும் எட்டெட்டு, அத்தைக்கு ஆறு. மொத்தம் 29. இரண்டு பையில் 30 லிட்டர், ஐந்து பேர் தலைக்குக் குளித்தாயிற்று. வீட்டில் வாளியும் சொம்புமாக ஒரு ஆள் ஊற்றிக்கொள்கிற தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூட. உண்மையைச் சொன்னால், இந்தப் பைக்கு நான் கொடுத்த காசு வெந்நீருக்கு இல்லை, அந்தச் சின்னத் திருகுக்கு. கிணற்றிலிருந்து கூடாரத்துக்குக் குடம் சுமப்பவள் நான்.

நீள முடிக்கு ஒரு யோசனை: சீயக்காயை முதலிலேயே கூழாகக் கரைத்து வைத்துக்கொண்டு, தலையை நனைக்காமல் வகிடு பிரித்துத் தடவிவிடுங்கள். பிறகு ஒரே அலசல். இரண்டு லிட்டராவது மிச்சமாகும்.

மறைப்புக்கு விற்கிற கூடாரம் காற்றடித்தால் கொல்லை ஓரம் போய்ப் படுத்துக்கொள்கிறது. இரண்டு பழைய நூல் புடவை போதும். மேல் கரையில் ஒரு முழத்துக்கு ஒரு நாடா தைத்து, கயிற்றில் கோத்து, மூன்று மரத்துக்கோ வேனுக்கும் மரத்துக்குமோ சுற்றிக் கட்டிவிடலாம். கீழ்க் கரையில் கல்லைச் சுருட்டி முடிந்துவிட்டால் பறக்காது. பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக் குளிக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் நிம்மதி. விடியும் முன் குளித்தால் ஒன்று கவனம்: விளக்கை மறைப்புக்கு உள்ளே வைக்காதீர்கள். ஒரு தடவை மகள் டார்ச்சை உள்ளே தரையில் வைத்துவிட்டாள். புடவையில் நிழல் ஆளுயரத்துக்கு விழுந்து, தோல்பாவைக்கூத்து மாதிரி ஆகிவிட்டது. விளக்கு வெளியே, தலைக்கு மேலே தொங்க வேண்டும்.

குளிக்கிற இடம் ஓடையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் இருநூறு அடியாவது தள்ளி இருக்கட்டும். "சீயக்காய்தானே, இயற்கைதானே" என்று ஓடையில் அலசக் கூடாது. பூந்திக்கொட்டை, சீயக்காய் எல்லாவற்றிலும் நுரை தருகிற சத்து மீனின் செவுளுக்கு ஆகாது. மண்ணில் ஊறினால் மட்கிப்போகும், அதனால் மண்ணுக்கே விடுங்கள். மணைக்கு அடியில் கூழாங்கல்லோ பலகையோ போட்டால் சேறு மிதிக்க வேண்டியதில்லை.

முடிந்ததும் மிச்சத் தண்ணீரைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் நாள்கணக்கில் மூடிக் கிடந்தால் கிருமி வளரும். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா 20லிருந்து 45 டிகிரிக்குள் நன்றாக வளரக்கூடியது, ஷவர்த் துளியோடு மூச்சில் போகும். ஒரு ராத்திரி பெட்டியில் வைத்துக் காலையில் தீர்த்துவிடுவதோடு சரி. ஊருக்கு வந்ததும் பையைக் கவிழ்த்து, வாய்க்குள் ஒரு குச்சியைக் குறுக்கே கொடுத்து, இரண்டு பக்கமும் ஒட்டாமல் நிழலில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். மடித்தால் மடிப்பில்தான் வெடிக்கும், அதனால் பாய் மாதிரிச் சுருட்டி வைக்கலாம்.

எங்கள் வீட்டில் நிழலான கொடி என்று இருப்பது கடைக்குள்ளேதான். ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் இரண்டு கறுப்புப் பையும் குழாயோடு தொங்கும். போன மாதம் அளவு கொடுக்க வந்த ஒரு பெண் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லக் கேட்டாள்: "யாருக்குக்கா உடம்பு சரியில்ல? இவ்ளோ பெரிய குளுக்கோஸ் ஏத்துறீங்க?"